ராஜபாயின் மூன்று விரல்கள்

"இனி மண்சட்டி காயணும். காயட்டும், நமக்கு என்ன அவசரம்? காலை மடக்காம கிட மக்களே" என்று சொல்லியபடி ராஜபாய் சிஸ்டர் கட்டிலின் மேல் குனிந்து நிற்கிறாள். அவளுடைய வலது கையின் மூன்று விரல்கள் போர்வைக்கு அடியில், நோயாளிப் பெண்ணின் தொடை இடுக்கில் ஊன்றியிருக்கின்றன. இடது கை வலது மணிக்கட்டைத் தாங்கிப் பிடித்திருக்கிறது. கண்கள் மட்டும் விரல்கள் இருக்கும் பக்கம் போவதே இல்லை. நோயாளியின் முகத்தில் இருக்கும்; அல்லது தலைமாட்டுச் சுவரில் தொங்கும் மருந்துக் கம்பெனிக் காலண்டரில் இருக்கும்.

திருவனந்தபுரத்து இருதய ஆஸ்பத்திரி ஒன்றில், குழல் விட்டுச் சிகிச்சை செய்யும் கேத்லாபை ஒட்டிய பெண்கள் அறையில் அவளுக்கு வேலை. நெஞ்சைப் பிளக்காமல் தொடையில் உள்ள ரத்தக் குழாய் வழியே மெல்லிய குழல்களை விட்டு இருதயம் வரை போய் வருகிறார்கள் அல்லவா, அந்தக் குழல்களை வெளியே எடுத்தபின் தொடையில் ஒரு சிறு துளை மிஞ்சும். சிறு துளைதான். ஆனால் உடம்பின் பெரிய குழாய் ஒன்றில் விழுந்த துளை. ரத்தம் உறைந்து அது தானாக மூடிக்கொள்ளும் வரை யாராவது ஒருவர் விரலை ஊன்றி நிற்க வேண்டும். இருதயத்தைத் தொட்டுவிட்டு வருவது டாக்டர். அவர் போய்வந்த வாசலைச் சாத்துவது ராஜபாய்.

அந்த அறைக்கு வரும் பெண்களுக்கெல்லாம் உயிர்ப் பயத்தை விடக் கூச்சம்தான் பெரிதாக இருக்கிறது. பெற்ற தாய்க்கும் காட்டாத இடத்தில் முன்பின் தெரியாத ஒருத்தியின் கை. ராஜபாய் அதற்கென்றே வெந்நீரில் கை கழுவி, இரண்டு உள்ளங்கைகளையும் உரசிச் சூடாக்கிக்கொண்டு, அப்புறம்தான் கையுறை போடுவாள். "குளிர்ந்த கை பட்டா பிள்ளை திடுக்குன்னு அனங்கும். சூடுள்ள கைன்னா, ஏதோ சொந்தக்காரி வந்திருக்கான்னு உடம்பு நினைச்சுக்கிடும்" என்பாள். அனங்குவது என்றால் அவள் ஊரில் அசைவது.

அடுத்து மூன்று கட்டளைகள். "சிரிக்கப்பிடாது. கரையப்பிடாது. இருமல் வந்தா எனக்கிட்ட முந்தியே சொல்லணும்." சிரித்தாலும் அழுதாலும் அடிவயிறு இறுகும், இறுகினால் துளை திறந்துகொள்ளும். சிரிக்கவும் கூடாது, அழவும் கூடாது என்றால் ஒரு பெண் எத்தனை நேரம்தான் கிடப்பாள்? அதனால்தான் ராஜபாய் சமையல் சொல்கிறாள். சிரிப்பும் வராது, அழுகையும் வராது, ஆனாலும் அடுத்து என்ன என்று கேட்கத் தோன்றும் கதை உலகத்தில் அது ஒன்றுதான் என்பது அவள் கண்டுபிடிப்பு. சுத்த ரத்தம் பாயும் குழாய்க்கு அயலை மீன் குழம்பு. அசுத்த ரத்தம் ஓடும் குழாய்க்கு அழுத்தம் குறைவு, அதற்குச் சம்மந்தி என்னும் வெறும் தேங்காய்த் துவையல் போதும். தேங்காய் துருவுவதில் தொடங்கி, அம்மியில் பட்டுப்போல அரைத்து, புளி கரைத்து, சட்டியைச் சுழற்றி இறக்கும் வரை அவள் சொல்லி முடித்தால் அங்கே ரத்தம் உறைந்திருக்கும். சுவரில் கடிகாரம் உண்டு. அவளும் அதை ஓரக்கண்ணால் பார்ப்பவள்தான். "நான் பாக்கதைக் கண்டா இவளுகளும் பாப்பினும். பாத்தா முள்ளு நகராது. மீனு வேகுறதை ஆராவது கிளாக்குல பாப்பினுமா?"

என்னையும் அவள் அமுக்கினாள். சாதாரணப் பரிசோதனைதான்; குழாய்கள் சுத்தமாக இருப்பதாக டாக்டர் சொல்லிவிட்டார். ஆனாலும் சாயங்காலம் வரை காலை நீட்டியபடி கிடக்க வேண்டும். முந்தின இரவிலிருந்து பட்டினி. அவள் கதையில் அயலை குழம்பு கொதிக்கத் தொடங்கிற்று. "பட்டினி கிடப்பவளிடம் குழம்புக் கதை சொல்கிறீர்களே, இது நியாயமா?" என்று கேட்டுவிட்டேன்.

"பசிச்சவதான் மக்களே கதையை முழுசாக் கேப்பா. வயிறு நிறைஞ்சவ உறங்கிப்போவா. உறக்கத்துல காலை மடக்குவா. பின்னே நான் கர்த்தருக்குப் பதில் சொல்லணும்."

மக்களே என்பது அவள் எல்லோரையும் அழைக்கும் சொல். எண்பது வயதுக் கிழவியும் மக்களே, காலேஜ் பெண்ணும் மக்களே. அவளுக்கு ஐம்பது வயது இருக்கும். உயரம் குறைவு, கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு மரப்பலகை போட்டு அதன்மேல் ஏறி நிற்பாள். சாலைக் கடைவீதியில் காய்கறி வாங்கும்போதும் கத்தரிக்காயை மூன்று விரலால்தான் அமுக்கிப் பார்ப்பாள். அப்படியே கையை எடுக்காமல் நின்றுவிடுவாள் போலும். "ஓய் சிஸ்டரே, அது கத்தரிக்கா. ரத்தம் ஒண்ணும் வராது, கையை எடும்" என்று கடைக்காரர் கத்தியதை அவளே சொன்னாள்.

அந்த அறையில் இன்னொரு சிஸ்டரும் உண்டு. பெயர் தாசம்மாள். ராஜபாயின் அண்ணன் மனைவி; அவள் வாயில் மைனி. பாறசாலைப் பக்கம் ஒரே வளைவுக்குள் இரண்டு வீடு, நடுவில் ஒரு மதில். இருவரும் ஒரே ரயிலில் வருகிறார்கள், ஒரே பெட்டியில், எதிரெதிர் ஜன்னலில். நான் அங்கே கிடந்த சமயத்தில் இருவருக்கும் பேச்சு நின்று மாதக்கணக்கில் ஆகியிருந்தது. பேச்சுதான் நின்றதே தவிர கறி நிற்கவில்லை. தாசம்மாள் மரச்சீனிக் கிழங்கு அவித்தால் ஒரு பாத்திரம் மதிலைத் தாண்டி வரும். ராஜபாய் மீன் வைத்தால் ஒரு கிண்ணம் அந்தப் பக்கம் போகும். கிண்ணத்தோடு வார்த்தை மட்டும் போகாது.

சண்டைக்குக் காரணம் அந்த வலது கை. ராஜபாயின் மணிக்கட்டில் நரம்பு இறுகியிருந்தது. காலையில் எழுந்தால் விரல் நுனிகள் மரத்துக் கிடக்கும். கட்டன்சாயா டம்ளர் கைநழுவி விழும். இதைக் கண்டுபிடித்தவள் தாசம்மாள். ஒரு சின்ன ஆபரேஷன், கொஞ்ச நாள் ஓய்வு, சரியாகிவிடும் என்று கெஞ்சினாள், வைதாள். ராஜபாய் கேட்கவில்லை. ஓய்வு முடிந்து திரும்பும்போது தன்னை ஃபைல் அடுக்கும் அறைக்கு மாற்றிவிடுவார்கள் என்று அவளுக்குப் பயம். "பேப்பருக்குத் துடிப்பு உண்டுமா மைனி? அதை அமுக்கி நான் என்ன செய்யப்போறேன்?" என்றாளாம். கடைசியில் தாசம்மாள் பொறுப்பு சிஸ்டர் அஞ்சுவிடம் போய்ச் சொல்லிவிட்டாள். அஞ்சு ராஜபாயைக் கூப்பிட்டு விசாரித்தாள். ராஜபாய் குளியலறையிலிருந்து ஒரு வாளி தண்ணீரை வலது கையால் தூக்கிக்கொண்டு வந்து அஞ்சுவின் மேஜைக்கு முன்னால் வைத்தாள். "இது சுகமில்லாத்த கையா சிஸ்டரே?" அன்றோடு விசாரணை முடிந்தது. அன்றோடு மைனியிடம் பேச்சும் முடிந்தது.

வாளியைத் தூக்கத் தோள் போதும். துடிப்பை அறிய விரல் நுனி வேண்டும். அந்த வித்தியாசம் இருவருக்கும் தெரியும்.

எனக்கு அடுத்த கட்டிலில் கரமனை அக்ரஹாரத்துப் பெண் ஒருத்தி இருந்தாள். பெயர் விஷ்ணுப்ரியா. முப்பது வயதுக்கு மேல் இராது. ஒரு நாள் மாவரைக்கும் கிரைண்டரின் கல்லைத் தூக்கியபோது நெஞ்சுக்குள் ஏதோ அறுந்தது போல இருந்ததாம். வாயு என்றார்கள். பெருங்காயம் கரைத்துக் கொடுத்தார்கள். மூன்றாம் நாள் மாடிப்படி ஏற முடியவில்லை. படுத்தால் மூச்சு முட்டிற்று. இருதயத்திலிருந்து கிளம்பும் பெருங்குழாயின் வேரில் பிறவியிலேயே ஓர் இடம் மெலிந்திருந்து, பலூன் போல உப்பி, அன்றைக்கு வெடித்திருக்கிறது. குழாய்க்கும் இருதயத்தின் வலது அறைக்கும் நடுவே ஓட்டை. உடம்புக்குப் போக வேண்டிய ரத்தம் ஒவ்வொரு துடிப்பிலும் திரும்ப இருதயத்துக்குள்ளேயே பீறிட்டுக்கொண்டிருந்தது. நெஞ்சைத் திறந்து தைக்கலாம். அதற்கு முன் தொடை வழியே போய் ஓட்டையை அடைத்துப் பார்ப்போம், பொருந்தாவிட்டால் திறப்போம் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

கேத்லாபுக்குக் கொண்டுபோகும் முன் அவள் ராஜபாயின் கையைப் பிடித்துக்கொண்டு, "டாக்டர் பறஞ்சது ஒண்ணும் நேக்கு மனசுலாகலை. என்ன பண்ணப்போறா சிஸ்டர்?" என்று கேட்டாள்.

"பாவாடைக்கு நாடா கோத்திருக்கியா மக்களே? அதுதான். வலது தொடை வழியா ஒரு கம்பி உள்ள போகும். அந்த ஓட்டைக்குள்ள நுழைஞ்சு அந்தப்பக்கம் எட்டிப் பாக்கும். இடது தொடை வழியா போய் அதுக்க நுனியைப் பிடிச்சு இழுத்து வெளிய எடுப்பினும். நாடா கோத்தாச்சா? பின்னே அந்த நாடாவைப் பிடிச்சே ஒரு சின்னப் பொத்தானைக் கொண்டுபோய் ஓட்டையில மாட்டிட்டு வருவினும்."

"பொத்தான் கழண்டு விழுந்துட்டா?"

"நல்லா மாட்டியாச்சான்னு இழுத்துப் பாத்துத்தான் விடுவினும். நீ போயிட்டு வா. வாசல்ல நான் நிப்பேன்."

வெளியே அவள் கணவன் கைலாஷ் ஒரு தண்ணீர்ப் பாட்டிலைத் திறப்பதும் மூடுவதுமாக நின்றதைக் கதவு திறக்கும்போதெல்லாம் நான் பார்த்தேன். குடிக்கவே இல்லை. முதலில் மாட்டிய பொத்தான் பக்கத்து வால்வின் மேல் உரசிற்றாம். வெளியே எடுத்துவிட்டு அதைவிடச் சிறியதை வைத்தார்கள். பொருந்திற்று. ரத்தம் பீறிடுவது நின்றது. டாக்டர் வெளியே வந்து சொன்னபோது கைலாஷின் கையிலிருந்த பாட்டில் கீழே விழுந்து உருண்டு, எங்கள் அறை வாசல் வரை தண்ணீர் வந்தது. அதை மிதித்துக்கொண்டுதான் விஷ்ணுப்ரியாவின் கட்டிலைத் தள்ளி வந்தார்கள்.

இரண்டு தொடையிலும் குழல்கள். எனவே இரண்டு சிஸ்டர்கள். வலது பக்கம் ராஜபாய், இடது பக்கம் தாசம்மாள். நடுவில் விஷ்ணுப்ரியா. குழல்களை உருவியதும் இருவரும் எதிரெதிரே குனிந்து விரல்களை ஊன்றினார்கள். ஒருத்தி காலண்டரைப் பார்த்தாள். இன்னொருத்தி ஜன்னலைப் பார்த்தாள்.

"நல்ல அயலையா ரெண்டு வாங்கி, செதிள் போக உரசி..." என்று ராஜபாய் ஆரம்பித்தாள்.

"ஐயோ சிஸ்டர், மீன் வேண்டாமே! வயத்தைப் பெரட்டறது."

"அட கர்த்தாவே! நீ கரமனைப் பிள்ளைல்லா? மறந்துபோச்சு. செரி, மீனை எடுத்தாச்சு. இப்ப சட்டியில மீனு இல்ல."

"சட்டி மீன் சட்டிதானே?"

"சட்டியையும் மாத்தியாச்சு மக்களே. புதுச் சட்டி. அவியல் வைப்போம். காயெல்லாம் நீளவாக்குல அரிஞ்சு, சிறிய உள்ளி ஒரு பிடி தொலிச்சு..."

"அவியல்ல வெங்காயமா? யாராத்துல போடுவா? கஷ்டம்!"

இடது பக்கத்திலிருந்து தாசம்மாள் ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னாள். "நல்லாக் கேளு பிள்ளே. அந்த சிஸ்டருக்குச் சொல்லு, அவியல்ல உள்ளி போட்டா எனக்க மாப்பிள்ளை, அதான் அவளுக்க அண்ணன், இலையில தொட மாட்டாருன்னு."

"அந்த சிஸ்டர்கிட்ட கேளு மக்களே, அவருக்குச் சின்னதுல இருந்து உள்ளி போட்ட அவியல் வச்சு வளத்தது எங்க அம்மையா, அவுங்க அம்மையா?"

"கேளு பிள்ளே, அதான் அவருக்கு நாக்குல ருசியே இல்லாமப் போச்சான்னு."

விஷ்ணுப்ரியா ஒரு பக்கமும் மறு பக்கமுமாகக் கண்ணை உருட்டினாள். "ரெண்டு பேரும் என் மேல கையை வச்சுண்டு என்கிட்டயே தூது விடறேளே! நேக்கு சிரிப்பு வரது..."

"சிரிக்கப்பிடாது!"

இரண்டு குரலும் ஒன்றாக வந்தன. ஒரு கணம் இருவர் கண்ணும் சந்தித்தன. உடனே ஒன்று காலண்டருக்கும் ஒன்று ஜன்னலுக்கும் போய்விட்டன. ஒரே வார்த்தைதான். ஆனால் பல மாதங்களுக்குப் பிறகு அவர்கள் சேர்ந்து சொன்ன வார்த்தை அது. அடுத்த கட்டிலில் கிடந்த எனக்கு ஏனோ அழுகை வந்தது. எனக்கும் அழக்கூடாது என்று கட்டளை உண்டே என்று விழுங்கிக்கொண்டேன்.

இடது பக்கம் சீக்கிரம் உறைந்துவிட்டது. தாசம்மாள் கட்டுப் போட்டுவிட்டுக் கையுறையைக் கழற்றிக்கொண்டு அறையின் மறுகோடியில் மருந்து அலமாரிப் பக்கம் போனாள். வலது பக்கம் சுத்த ரத்தக் குழாய், அழுத்தம் அதிகம். ரத்தம் உறையாமல் இருக்க மருந்து வேறு ஏற்றியிருந்தார்கள். நேரம் எடுக்கும். அவியலை அந்தப் பெண் நம்பாததால் ராஜபாய் சக்க வரட்டிக்கு மாறினாள். பலாச்சுளையை வேகவைத்து, வெல்லம் சேர்த்து, உருளியில் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டிய பண்டம். அதில் விஷ்ணுப்ரியாவுக்கும் ஆட்சேபணை இல்லை. "எங்காத்துல சுக்கும் போடுவோம்" என்று மட்டும் சொன்னாள்.

"போடுவோம். சுக்கும் போடுவோம், ஏலக்காயும் போடுவோம். இப்ப வெல்லம் உருகி வருது. நல்லாக் கிண்டணும். அடி பிடிக்கப்பிடாது..."

ராஜபாயின் குரல் வழக்கம் போலத்தான் இருந்தது. ஆனால் அவள் தோள் உயர்ந்துவிட்டதை நான் பார்த்தேன். நெற்றி வியர்த்திருந்தது. இடது கை, வலது மணிக்கட்டைத் தாங்குவதை விட்டு, வலது கையின் மேலேயே ஏறி அதை அமுக்கிக்கொண்டிருந்தது. கிண்டுவதிலேயே கதை நின்றது. வெல்லம் இரண்டாம் முறையாக உருகிற்று.

"சிஸ்டர்" என்றாள் விஷ்ணுப்ரியா. "இடுப்புக்கு அடியில ஏதோ வெதுவெதுன்னு நனையறது."

அன்றைக்குத்தான் ராஜபாய் அந்த இடத்தைக் கண்ணால் பார்த்தாள். போர்வையை விலக்கினாள். மேலே ஒன்றும் தெரியவில்லை. ரத்தம் விரலுக்கு அடியில் நழுவி, தொடையின் சரிவில் இறங்கி, வெள்ளை விரிப்பில் இடுப்புக்குக் கீழே அகலமாகப் பரவிக்கொண்டிருந்தது. அவள் விரல்களை நகர்த்தினாள். இன்னும் சற்று மேலே. இன்னும் சற்று உள்ளே. அவள் தேடியது துடிப்பை. துடிப்பு அங்கேதான் இருந்திருக்கும். அதைச் சொல்ல வேண்டிய விரல்கள் மரக்கட்டை போலக் கிடந்தன.

ஒரு பெண்ணின் உயிர் கையின் கீழே கசிந்துகொண்டிருக்கிறது. தன் பிழைப்போ வாயின் நுனியில் நிற்கிறது. வாயைத் திறந்தால் அது போய்விடும். இன்னும் கொஞ்சம் அமுக்கிப் பார்க்கலாம், கிடைத்தாலும் கிடைக்கலாம் என்று வேறொருத்தியாக இருந்தால் நினைத்திருப்பாளோ என்னவோ. ராஜபாய் ஒரு மூச்சு விடும் நேரம்தான் தயங்கினாள்.

"மைனீ!"

மருந்து அலமாரியின் கதவு படாரென்று சுவரில் மோதியது.

"மைனி, ஓடி வா. எனக்க விரலு எனக்குத் தெரியேல்ல."

தாசம்மாள் ஓடி வந்தாள். ஓடும்போதே கையுறையை மாட்டினாள். கை மாற்றுவதற்கு ஒரு முறை உண்டு. ஒரு கை எடுத்தபின் மறு கை வைக்கக் கூடாது. வைத்திருக்கும் விரலின் மேலேயே வந்து, அதைத் தள்ளிக்கொண்டு, அது நழுவும் இடத்தில் இது இறங்க வேண்டும். தாசம்மாளின் விரல்கள் நாத்தனாரின் விரல்கள் மேல் படிந்தன. ஒரு நொடி இரண்டு கைகளும் சேர்ந்தே அமுக்கின. பிறகு கீழே இருந்தது நழுவி வெளியே வந்தது.

"கிடைச்சு" என்றாள் தாசம்மாள். "துடிப்பு கிடைச்சு ராஜி. நீ டாக்டரை விளி."

டாக்டரும் அஞ்சு சிஸ்டரும் வருவதற்குள் விஷ்ணுப்ரியாவின் உதடு வெளுத்துவிட்டது. "உள்ள வச்ச பொத்தான் விட்டுடுத்தா? கைலாஷைக் கூப்பிடுங்கோளேன். நேக்கு பயமா இருக்கு" என்று அரற்றினாள். ராஜபாய் கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு அவள் தலைமாட்டுக்கு வந்தாள்.

"பொத்தான் அனங்காது மக்களே. அது அங்க, இது இங்க. டாக்டர் அடைச்சது அடைச்சதுதான். இது வெறும் வாசல். வாசலை நான்தான் சரியாச் சாத்தேல்ல. இப்ப எங்க மைனி நிக்கா. அவளுக்க கை இரும்புக் கை. அவளுக்க மாப்பிள்ளைகிட்ட வேணும்னா கேட்டுப் பாரு."

டாக்டர் ரத்த அழுத்தம் பார்த்தார். நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்து வெகுநேரம் கேட்டார். பீறிடும் சத்தம் இல்லை, உள்ளே எல்லாம் வைத்தது வைத்தபடி இருக்கிறது என்றார். ரத்தம் அதிகம் போகவில்லை. ஒரு பாட்டில் மருந்து நீர் ஏற்றினால் போதும், அமுக்குவதை மட்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அஞ்சு போகவில்லை. அவள் இவர்கள் இருவரையும் விட வயதில் மிகச் சிறியவள். ஆனால் பொறுப்பு அவளுடையது. நனைந்த விரிப்பைப் பார்த்தாள். "என்ன ஆச்சு? யார் அமுக்கினது?" என்றாள்.

தாசம்மாள் தலையை நிமிர்த்தாமல் முந்திக்கொண்டாள். "கை மாத்தினோம் சிஸ்டரே. மாத்துறப்போ கொஞ்சம் விட்டுப்போச்சு. எனக்க தப்பு."

"பொய் சொல்லாத மைனி" என்றாள் ராஜபாய். அஞ்சுவின் பக்கம் திரும்பினாள். வலது கையை உள்ளங்கை தெரிய நீட்டினாள். "எனக்க கை மரத்துப்போச்சு சிஸ்டரே. இன்னைக்கு இல்ல, ரொம்ப நாளாட்டு உண்டு. இவ உங்ககிட்ட சொன்னது நிஜம். வாளி தூக்கினதுதான் பொய்."

அஞ்சு அந்தக் கையையே பார்த்தாள். திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் குரல் தணிந்துதான் வந்தது. "நாளைக்கே டாக்டரிடம் காட்டணும் சேச்சி. ஆபரேஷன்னு சொன்னா செய்யணும். கை சரியாகி வர்ற வரைக்கும் இந்த அறையில அமுக்க வேண்டாம்."

"வந்தா திரும்ப இந்த அறைதானா?" என்று கேட்டாள் ராஜபாய்.

"முதல்ல கை வரட்டும்" என்றாள் அஞ்சு. அதற்கு மேல் வாக்குக் கொடுக்க அவளிடமும் ஒன்றும் இல்லை. வெளியே நிற்கும் கைலாஷுக்குச் சொல்லப் போனாள்.

ராஜபாய் தலையை ஆட்டினாள். அவள் அழுதிருக்கலாம். அவளுக்குத் தொடையில் துளை ஒன்றும் இல்லை. யாரும் தடுத்திருக்க மாட்டார்கள். ஆனால் நோயாளியின் முன்னால் அழக்கூடாது என்ற பழக்கம் அவள் முகத்தை அப்படியே பிடித்து வைத்திருந்தது. உதிர்ந்த பஞ்சுகளை இடது கையால் பொறுக்கினாள். தான் ஏறி நிற்கும் மரப்பலகையைக் காலால் ஓரமாகத் தள்ளினாள். உயரமான தாசம்மாளுக்கு அது இடைஞ்சல்.

"சிஸ்டர்" என்றாள் விஷ்ணுப்ரியா, மெல்லிய குரலில். உதட்டில் கொஞ்சம் நிறம் திரும்பியிருந்தது. "அந்த வரட்டி?"

"எனக்குக் கதை ஒண்ணும் சொல்லத் தெரியாது பிள்ளே. நான் சும்மா அமுக்குவேன்" என்றாள் தாசம்மாள். அவள் முழுப் பாரத்தையும் விரல்களில் இறக்கிக் குனிந்திருந்தாள். இரண்டு கைகளும் ஒன்றின்மேல் ஒன்றாக ஊன்றியிருந்தன. முகம் வியர்த்ததில் அவளுடைய மூக்குக் கண்ணாடி கொஞ்சம் கொஞ்சமாக நழுவி, மூக்கின் நுனிக்கு வந்துவிட்டது. தலையைப் பின்னுக்குச் சாய்த்துப் பார்த்தாள். மூக்கைச் சுளித்துப் பார்த்தாள். கண்ணாடி இன்னும் கீழேதான் இறங்கிற்று. யாரையும் அவள் உதவிக்குக் கூப்பிடவில்லை.

ராஜபாய் மைனியின் பக்கத்தில் வந்து நின்றாள். "வெல்லம் பாகு பதத்துக்கு வந்தாச்சு மக்களே" என்று விஷ்ணுப்ரியாவிடம் சொல்லிக்கொண்டே இடது கையை நீட்டி, ஒற்றை விரலால் அந்தக் கண்ணாடியை மைனியின் மூக்கின் மேல் மெதுவாக ஏற்றி வைத்தாள்.